காகம் சாப்பிட்ட பிறகு

ஆங் மோ கியோ,
ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம்

அன்பு மகள் ரோஷினிக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. நீ அந்த ஹோபார்ட் குளிரில் காதை மூடிக்கொண்டு, நேரத்துக்குச் சாப்பிட்டு, நல்லபடியாக இருப்பாய் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். இங்கே நான் இருக்கிறேன். நன்றாக இருக்கிறேன் என்று எழுதினால் நீ நம்பமாட்டாய், அதனால் இருக்கிறேன் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். முட்டி வலி அப்படியே இருக்கிறது. வெயிலோ கேட்கவே வேண்டாம், காலையில் குளித்துவிட்டு வந்து சட்டை போடுவதற்குள் இன்னொரு தடவை குளிக்கணும் போலாகிவிடுகிறது. உன் அண்ணன் கபிலன் வாராவாரம் செங்காங்கிலிருந்து வந்து, செருப்பைக் கழற்றியதும் நேரே ஃபிரிட்ஜைத் திறந்து பார்த்து, என்னப்பா இது போன வாரத்துக் குழம்பு இன்னும் இருக்கு என்று கத்திவிட்டு, அதையே சூடு பண்ணிச் சாப்பிட்டுவிட்டுப் போகிறான். மருமகள் சுகம். வீடு பெருக்குகிறேன், துணி துவைக்கிறேன், பிறகு உட்கார்ந்துவிடுகிறேன். உட்கார்ந்தால் எழுந்திருக்க மனசு வருவதில்லை, அவ்வளவுதான் என் சேதி.

போனில் சொல்லவேண்டியதை எதற்கு எழுதுகிறேன் என்று நினைப்பாய். போனில் பேசினால் நீ ஜெயித்துவிடுகிறாய். நான் ஒன்று சொல்ல வாயெடுப்பதற்குள் நீ நாலு காரணம் சொல்லிவிடுகிறாய், எனக்குக் கோபம் வந்து வைத்துவிடுகிறேன். போன தடவையும் அப்படித்தான் ஆயிற்று. அம்மாவின் தலைத் திவசத்தன்று காக்காவுக்குச் சோறு வைக்க மாட்டேன் என்று சத்தியம் பண்ணுங்கப்பா என்று நீ கேட்டாய். நான் பதில் சொல்லாமல் வைத்துவிட்டேன். அதற்குப் பிறகு நீ கூப்பிட்டபோதெல்லாம் எடுக்கவும் இல்லை. நேற்றுத்தான் திவசம். சோறு வைத்தேனா இல்லையா என்று கபிலனைக் கேட்டிருப்பாய், அவனும் அப்பாவையே கேட்டுக்கோ என்று நழுவியிருப்பான், அவன் குணம் எனக்குத் தெரியாதா. நானே சொல்கிறேன். ஆனால் அங்கே என்ன நடந்தது என்று ஒன்றுவிடாமல் சொல்வேன், நடுவில் நீ குறுக்கே பேச முடியாது, கடிதத்தில் எனக்கு இருக்கிற ஒரே வசதி அதுதான்.

அம்மா பசியோடு போனாள், ரோஷினி. உனக்குத் தெரியும், நீயும் இருந்தாய். கடைசியில் அவளுக்கு எதையும் விழுங்க முடியவில்லை. மூக்கில் குழாய் போட்டிருந்தார்கள். அந்த நிலையிலும் கண்ணைத் திறந்து பிசாங் கோரேங் வேணும் என்று கேட்டாளே, ஹாக்கர் சென்டரில் அந்த மூலைக் கடை வாழைப்பழ பஜ்ஜி, சூடாக, ஓரம் கருகினது. வாய் நிறைய ஒரு துண்டு தின்னாமல் போய்விட்டாள். நான் சமாதானமாகிவிட்டேன் என்று நீங்கள் இரண்டு பேரும் நினைத்தீர்கள். நான் ஆகவே இல்லை. ஒவ்வொரு அமாவாசைக்கும் சமையலறை ஜன்னலுக்கு வெளியே, ஏர்கான் வைத்திருக்கிற திட்டில், ஒரு துண்டு வாழை இலையில் சோறும் பருப்பும், பக்கத்தில் ஒரு பிசாங் கோரேங்கும் வைத்து, கா கா என்று கூப்பிட்டேன். வந்த காகங்களில் ஒன்றுக்கு இடது காலில் ஒரு விரல் இல்லை. சர்க்கரை முற்றிப்போய் அம்மாவுக்கு எந்தக் காலில் விரல் எடுத்தார்கள் என்று உனக்கு நான் சொல்லணுமா. நான் யாரிடமும் வாய் திறக்கவில்லை. ஆனால் அது வந்து உட்கார்ந்து, தலையைச் சாய்த்துப் பார்த்து, சோற்றை விட்டுவிட்டு முதலில் அந்தப் பிசாங் கோரேங்கைக் கொத்தியபோது நான் அடுப்படியில் நின்று அழுதேன். அப்புறம் எங்கே அமாவாசையோடு நிறுத்துவது, தினமும் வைத்தேன்.

தினமும் வைத்தால் காகம் மட்டுமா வரும். புறா வந்தது, மைனா வந்தது, கீழே புல்லில் சிந்தியதைத் தின்ன எலி வந்தது. பறவை ஆராய்ச்சி பண்ணுகிறவள் நீ, அப்போதே போனில் சொன்னாய், பறவைக்குச் சோறு போடறது நம்ம ஊர்ல சட்டப்படி குற்றம்ப்பா, குற்றம் மட்டும் இல்ல, தப்பும் கூட என்று. நாம் போடுகிற சோற்றை நம்பி அது குஞ்சுக்கு மேல் குஞ்சு பொரிக்கும், ஆளைப் பார்த்துப் பயப்படாது, பிறகு ஆட்கள் வந்து கூட்டைக் கலைப்பார்கள், நீங்க பாசம்னு நினைக்கிறது அதுக்கு வினைப்பா என்றாய். அதோடு நிறுத்தியிருந்தால் பரவாயில்லை. அந்தக் காக்காவே நம்ம ஊருப் பறவை இல்ல, அந்தக் காலத்துல இலங்கையிலேர்ந்து கிள்ளானுக்குக் காப்பித் தோட்டத்துல புழு தின்னக் கொண்டாந்து விட்டது, அங்க இருக்கிற பறவைகளுக்கு அதால தொந்தரவு என்று வேறு சொன்னாய். எனக்குச் சுருக்கென்று ஆகிவிட்டது. உன் பூட்டனும் கப்பலில் வேலைக்கென்று கொண்டுவந்து இறக்கப்பட்டவர்தான், அவரையும் கணக்கெடுத்து விரட்டு என்று கத்திவிட்டுத்தான் அன்றைக்குப் போனை வைத்தேன். கத்தினது தப்பு. ஆனால் அந்த வார்த்தையை நான் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை, அது வேறு விஷயம்.

நீ சொன்ன மாதிரியே நடந்தது, அதுதான் எனக்கு ஆற்றாமை. காகங்கள் ஆள் பயம் விட்டு, பின்னால் அங்சானா மரத்தில் கூடு கட்டி, கிண்டர்கார்டன் போகிற பிள்ளையின் தலையில் ஒருநாள் கொத்தவும் வந்துவிட்டன. யாரோ புகார் கொடுத்திருக்கிறார்கள். அதிகாரி ஒருவர் வீட்டுக்கே வந்தார், நல்ல பிள்ளை, செருப்பை வெளியே விட்டுவிட்டு அம்மா படத்துக்கு முன்னால் ஒரு நிமிஷம் நின்றுவிட்டுத்தான் பேச்சையே எடுத்தார். இந்தத் தடவை வார்னிங்தான் அங்கிள், இன்னொரு தடவைன்னா கோர்ட்டுக்குப் போகணும் லா, ப்ளீஸ், என்னை அப்படிச் செய்ய வச்சுடாதீங்க என்று கெஞ்சாத குறையாகச் சொன்னார். இரண்டு நாள் கழித்து ஆட்கள் வந்து கூட்டை இறக்கினார்கள். அவர்கள் வேலையை அவர்கள் செய்தார்கள், அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் ஏது. அன்றைக்கு முழுக்கக் காகங்கள் மரத்தைச் சுற்றிக் கத்திக்கொண்டே இருந்தன. மறுநாள் ஒன்றையும் காணவில்லை. விரல் இல்லாததும் வரவில்லை. திட்டில் இலை இல்லை, நானும் கூப்பிடவில்லை, ஆனாலும் வேளை தவறாமல் ஜன்னலில் போய் நின்றேன். அம்மாவை இரண்டாவது தடவை அனுப்பிவிட்டு வந்த மாதிரி இருந்தது.

புகார் கொடுத்தது கீழ் வீட்டு ஆமினா பீவியின் மகன் ஜாஃபர்தான் என்று நான் முடிவே கட்டிவிட்டேன். வயசுப் பிள்ளை, எதற்கெடுத்தாலும் கைபேசியில் தட்டி அனுப்புகிறவன். லிஃப்டில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். ஆமினா பீவி எப்போதும்போல, அண்ணே சாப்டாச்சா என்று கேட்டதற்குக் கூட உம் என்றேன். எத்தனை வருஷத்துப் பழக்கம், அம்மாவும் அவரும் டேக்கா மார்க்கெட்டுக்குச் சேர்ந்து போய்ச் சேர்ந்து வந்தவர்கள். மனசு கேட்காமல் ஒருநாள் நேரிலேயே கேட்டுவிடுவது என்று இறங்கிப் போனேன். கதவு திறந்துதான் இருந்தது. ஆமினா பீவி முக்காலியில் உட்கார்ந்து, வாளியில் தன் வெள்ளைத் தொழுகை உடுப்பைக் கையால் கசக்கிக்கொண்டிருந்தார். தோளில் வலி வந்து கையைத் தூக்க முடியாத மனுஷி. வாஷிங் மெஷின் பக்கத்திலேயே இருக்கிறது. வீட்டுக்குள் நாற்காலி முதுகிலெல்லாம் ஈரத்துணி கிடந்தது. ஜன்னலுக்கு வெளியே மூங்கில் கழி இருக்க எதற்கு உள்ளே காயப்போடுகிறீர்கள் என்று கேட்டேன். சும்மாதாண்ணே, வெயில் ஜாஸ்தி என்றார். ஜாஃபர்தான் பொறுக்கமாட்டாமல் சொல்லிவிட்டான். அங்கிள், காக்கா போனாலும் புறா விடல, உங்க திட்டுலேர்ந்து எச்சம் நேரா எங்க கழியிலதான் விழுது, அது பட்டா அந்த உடுப்புல தொழ முடியாது, மெஷின்ல போட்டா அம்மாவுக்கு மனசு ஒப்பல, மறுபடி மறுபடி கையால துவைச்சு ஏழெட்டு மாசமா இப்படித்தான், கம்ப்ளெயின்ட் பண்றேன்னு நான் சொன்னேன், பண்ணினா இந்த வீட்டுல உனக்குச் சோறு கிடையாதுன்னுட்டாங்க என்று. ஆமினா பீவி அவனை அதட்டிவிட்டு என்னிடம், விடுங்கண்ணே, கமலாவுக்கு வைக்கிற சோறு, அத வேணாம்னு சொல்ல எனக்கு எப்படி வாய் வரும், துணிதானே, துவைச்சுக்கலாம் என்றார். நான் சாமி காரியம் என்று செய்தது அவர் தொழுகையில் போய் விழுந்திருக்கிறது. வாளியை வாங்கி மிச்சத்தை நான் அலசிப் பிழிந்து போட்டேன். வேண்டாம் வேண்டாம் என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்தார். வீட்டுக்கு வந்து அன்றைக்கே திட்டைத் தேய்த்துக் கழுவினேன். முட்டி என்ன பாடு படுத்தியது என்று எழுதினால் நீ திட்டுவாய்.

அதற்குள் திவசம் வந்துவிட்டது. காகம் சாப்பிடாமல் வீட்டில் ஒருவரும் சாப்பிடக்கூடாது, அது உனக்கும் தெரிந்த முறைதான். வைத்தால் கோர்ட்டு, வைக்காவிட்டால் அவள் பட்டினி. இந்த ஒன்றையே நினைத்து நினைத்து எனக்குத் தலை கனத்துப் போய்விட்டது. கபிலன் இதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தான். ராமேஸ்வரத்தில் ஒருவர் நம் பெயர் நட்சத்திரம் சொல்லிக் காகத்துக்குப் பிண்டம் வைத்து, அது சாப்பிடுவதை வாட்ஸ்அப்பில் வீடியோ எடுத்து அனுப்புவாராம், கபிலன் அதற்கு ஏற்பாடு பண்ணிவிட்டான். வெள்ளிக்கிழமை நான் டேக்காவுக்குப் போய் வாழை இலை, பூசணிக்காய், வாழைக்காய் எல்லாம் வாங்கி வந்தேன், கூட்டத்தில் இடிபட்டு வந்ததே போதும் போதும் என்றாகிவிட்டது. நேற்று மருமகள்தான் சமைத்தாள், நன்றாகவே சமைத்தாள், பாயசத்தில் மட்டும் சர்க்கரை கொஞ்சம் தூக்கல். படைத்து, கும்பிட்டு முடித்த நேரத்தில் கபிலனின் போன் கிணிங் என்றது. இந்தாங்கப்பா, காக்கா சாப்டுடுச்சு, வாங்க உட்காருங்க, பசிக்குது என்று என் முகத்துக்கு நேரே நீட்டினான். பார்த்தேன். நல்ல கொழுத்த காகம். ஒரு பெரிய மதில் மேல் உட்கார்ந்து அவசர அவசரமாகத் தின்றது. அதற்கு முன்னால் எத்தனை பேருடைய அம்மாவுக்காகத் தின்றதோ, பாவம். பிள்ளை நல்ல மனசோடுதான் செய்தான், கோபிக்கவில்லை. ஆனால் எனக்கு இலையில் உட்கார மனசு வரவில்லை. டிபன் டப்பாவில் படையலிலிருந்து கொஞ்சம் சோறும் ஒரு பிசாங் கோரேங்கும் எடுத்துக்கொண்டு செருப்பை மாட்டினேன். அப்பா, வேணாம்ப்பா, கோர்ட்டு கீர்ட்டுன்னு என்னால அலைய முடியாது என்று சொல்லிக்கொண்டே அவனும் பின்னால் வந்தான்.

பிஷான் பார்க் வரைக்கும் நடந்தோம். ஆற்றோரத்தில் ஒரு பெரிய மரம் இருக்கிறதே, நீ பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது அதன் பெயரை எனக்குச் சொல்லிக்கொடுத்தாய், நான் மறந்துவிட்டேன், அத்தி ஜாதி, தண்டிலிருந்து வேர் வேராகத் தொங்கும். அதற்கு எதிரில் பெஞ்சில் உட்கார்ந்தேன், நடந்து வந்ததில் மூச்சு வாங்கியது. மடியில் டப்பா. சோறு வைக்கத்தான் போனேன், உன்னிடம் ஏன் மறைக்கணும். மூடியில் கை வைத்தேன், அப்போதுதான் மேலே பார்த்தேன். தஞ்சோங் பகார் துறைமுகத்தில் கிரேன் மேல் உட்கார்ந்து காலமெல்லாம் கீழேயே பார்த்துப் பழகியவன் நான், ஒரு மரத்தின் அடியில் இருந்து மேலே பார்த்தது எப்போது என்று எனக்கு ஞாபகமே இல்லை. மரம் முழுக்கப் பழம் பழுத்திருந்தது, சின்னச் சின்னதாக, சிவப்பாக. கிளைக்குக் கிளை மைனாவும் அணிலும், எனக்குப் பெயர் தெரியாத பச்சைப் புறாக்களும், கல்யாண வீட்டில் முதல் பந்தி மாதிரி ஒரே சத்தம். யாரும் யாரையும் கூப்பிடவில்லை. யாருக்காக என்று அந்த மரம் கேட்டதாகவும் தெரியவில்லை. எனக்குக் கை அப்படியே நின்றுவிட்டது. ரோஷினி, நான் வைக்கிற ஒரு பிடி சோற்றில்தான் அவள் வயிறு இருக்கிறது என்று இத்தனை நாளும் நினைத்தேன். எவ்வளவு பெரிய நினைப்பு பார். நானே யாரோ போட்டதைத் தின்றுகொண்டு இருக்கிறவன். காற்றையும் தண்ணீரையும் நானா சம்பாதித்தேன். இதைப் பக்தி என்பார்களோ என்னவோ, எனக்குத் தெரியாது. கோயிலில் கூட எனக்கு இவ்வளவு அமைதி வந்ததில்லை. ரொம்பக் களைப்பாக இருந்தது, ஆனால் அந்தக் களைப்போடு அங்கேயே உட்கார்ந்திருக்கலாம் போலவும் இருந்தது.

ஒரு காகம் இறங்கி வந்தது. இந்தக் காகங்களுக்கு டிபன் டப்பா தெரியாமல் இருக்குமா, நேரே என் காலடிக்கு வந்து நின்று டப்பாவையும் என்னையும் மாற்றி மாற்றிப் பார்த்தது. திறந்துவிடலாம், யார் பார்க்கப் போகிறார்கள் என்று ஒரு நினைப்பு வந்தது. ஆமினா பீவி வாளிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தது கண்ணில் வந்தது. அங்சானா மரத்தைச் சுற்றிக் கத்தினதும் காதில் கேட்டது. மூடியை அழுத்திப் பிடித்துக்கொண்டு, போம்மா, அங்கே பழுத்திருக்கு பார் என்று சொன்னேன். சத்தமாகவே சொல்லிவிட்டேன், நடைப்பயிற்சிக்கு வந்த ஒரு சீன அம்மாள் திரும்பிப் பார்த்தார். காகம் இன்னும் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு இவனிடம் ஒன்றும் பெயராது என்று முடிவு பண்ணிவிட்டதுபோல, தத்தித் தத்திப் போய் மரத்தடியில் விழுந்து கிடந்த ஒரு பழத்தைக் கொத்தியது, இன்னொன்றைக் கொத்தியது, மூன்றாவதை வாயில் வைத்துக்கொண்டு பறந்துவிட்டது. சாப்டுடுச்சுப்பா என்றான் கபிலன். ஆமாம், சாப்பிட்டுவிட்டது, வா, நாம் சாப்பிடலாம் என்றேன்.

வீட்டுக்கு வந்து இலை போட்டு உட்கார்ந்தோம். டப்பாவில் கொண்டுபோன சோற்றை நானே போட்டுப் பிசைந்து சாப்பிட்டேன். அந்தப் பிசாங் கோரேங் ஆறி விறைத்துப்போயிருந்தது, அதையும் விடவில்லை. அம்மா போனதிலிருந்து எனக்கு ருசி தெரிந்தது நேற்றுத்தான். படைப்பதற்கு முன்பே தனியாக எடுத்து வைத்திருந்த வடையையும் பாயசத்தையும், அம்மா எப்போதும் எடுத்து வைப்பாளே அதே மாதிரி, ஆமினா பீவிக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். சர்க்கரை தூக்கல்ணே என்று சிரித்தார். அவர் வீட்டுத் துணி வெளியே கழியில் காய்ந்துகொண்டிருந்தது, வெள்ளை உடுப்பு நடுவில். கிளம்பும்போது கபிலன் வாசலில் நின்று, நான் யாரிடமும் சொல்லாததை எப்படித் தெரிந்துகொண்டானோ, அந்தக் காகத்துக்கு எல்லா விரலும் இருந்துச்சாப்பா, பாத்தீங்களா என்று கேட்டான். அப்போதுதான் எனக்கே உறைத்தது. அது என் காலடியில் அவ்வளவு நேரம் நின்றது, ரோஷினி. நான் அதன் காலைப் பார்க்கவே இல்லை.

நீ கேட்ட சத்தியம் இதுதான் என்று வைத்துக்கொள். காகத்தைப் பற்றி நாம் இன்னும் சண்டை போடலாம், அது இந்த ஊருப் பறவை இல்லை என்று நீ சொன்னதற்கு என்னிடம் பதில் இருக்கிறது, போனில் கூப்பிடு, இந்தத் தடவை எடுக்கிறேன். அந்த மரத்தின் பெயரையும் மறுபடி ஒருதரம் சொல்லு, எழுதி வைத்துக்கொள்கிறேன். அப்பாவும், எங்கேயோ பழம் தின்றுகொண்டிருக்கிற உன் அம்மாவும் சேர்ந்து சொல்கிறோம், உடம்புக்கு ஒன்றும் வராமல், மனசு சோராமல், நூறு வருஷம் நன்றாக இரு. நீ வெறும் வயிற்றோடு பறவை எண்ணக் கிளம்புகிறாய் என்று கபிலன் சொன்னான். உங்கள் ஊரிலும் காகம் இருக்கும்தானே. அது எதையாவது தின்பதைப் பார்த்தால் உடனே நீயும் சாப்பிட்டுவிடு.

இப்படிக்கு,
சாப்பிட்டுவிட்டு எழுதுகிற உன் அப்பா,
அண்ணாதுரை